பனிச்சரிவு: ஆளில்லா மலைகளுக்குக் கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பனிக்காலத்தில் மலையேறப் போகிறவர்களும் ஸ்கீ கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பேச்சு பேக்கன்ட்ரி பற்றியது. அதாவது, வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே இறக்கிவிடும் ஊழியர்களோ, எல்லைக் கயிறோ, மீட்புக் குழுவோ பக்கத்தில் இல்லாத மலைப்பகுதி. ஸ்கீ மையத்துக்குள் இருக்கும்வரை இந்தக் கவலையில் பெரும்பங்கை வேறு யாரோ சுமக்கிறார்கள். கயிற்றைத் தாண்டி வைக்கிற முதல் அடியிலிருந்து அது உங்களுடையது.

பனி உருண்டு உருண்டு பெரிதாகி வருவதுதானே பனிச்சரிவு?

கார்ட்டூனில் அப்படித்தான் வரும். நிஜத்தில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று, ஒட்டாத உதிரிப் பனி ஒரு புள்ளியில் நழுவத் தொடங்கி, கீழே போகப் போக விசிறி மாதிரி விரிவது. பெரும்பாலும் சின்னதுதான். ஆனால் பாறை விளிம்பில் நிற்கும் ஆளைத் தள்ளிவிட அது போதும். இன்னொன்று ஸ்லாப், அதாவது இறுகிய பனி பலகை போல ஒரே துண்டாக வழுக்கி இறங்குவது. ஆளைக் கொல்வது அதிகமும் இதுதான்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பலகையில் சர்க்கரையைப் பரப்பி, மேலே கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை வைத்து, பலகையை மெல்லச் சாயுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. ஒரு கோணம் வந்ததும் புத்தகம் முழுதாக வழுக்கிப் போய்விடும். மலையிலும் இதே ஏற்பாடுதான்: மேலே இறுகிய பனி, நடுவே பிடிமானமில்லாத ஓர் அடுக்கு, அடியில் வழுக்கும் தளம். நம் எடை அந்த நடு அடுக்கை ஓரிடத்தில் நொறுக்குகிறது. நொறுங்கல் அங்கேயே நிற்காமல் பக்கவாட்டில் ஓடி, கண் இமைப்பதற்குள் சரிவின் அடிப்பிடியையே விடுவித்துவிடுகிறது. அப்புறம்தான் விரிசல் கண்ணுக்குத் தெரியும். அதுவும் பெரும்பாலும் காலடியில் இல்லை, தலைக்கு மேலே எங்கேயோ. அதாவது நீங்கள் நிற்பது புத்தகத்தின் நடுவில். உலர்ந்த ஸ்லாப் ஐந்தாறு நொடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். ஸ்கீயில் முந்திவிடலாம் என்ற நினைப்பை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

எந்தச் சரிவைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஸ்லாப் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குள் சாய்ந்த சரிவுகளில்தான் தொடங்குகின்றன. அதிலும் 38 டிகிரியை ஒட்டி மிக அதிகம். அதைவிட மிகச் செங்குத்தான இடத்தில் பனி தங்குவதே இல்லை, விழ விழ உதிர்ந்துவிடும். 30-க்குக் கீழே உலர்ந்த ஸ்லாப் கிளம்புவது குறைவு, 25-க்குக் கீழே அபூர்வம். சாதாரண வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறக்குறைய 30 முதல் 35 டிகிரி. அதே சாய்வில் மலைமேல் பனி போர்த்திய ஒரு வெளியைப் பார்த்தால் பலருக்கும் பயமே வராது, சறுக்க ஆசைதான் வரும். சிக்கலே அங்கேதான்: சறுக்குவதற்கு ருசியான சாய்வும் சரிவு கிளம்பும் சாய்வும் ஒன்றேதான்.

ஆகவே கண்ணால் மதிப்பிடாதீர்கள், அளந்து பாருங்கள். சாய்வுமானி ஒன்று போதும், மொபைலில் இருக்கிற ஆப் கூடப் பரவாயில்லை. ஸ்கீ கோலைச் சரிவின்மேல் படுக்க வைத்து, அதன்மேல் போனை வைத்துப் படித்தால் குண்டுகுழியின் குழப்பம் குறையும். 30 டிகிரிக்கு மேற்பட்ட இடங்களை நிறமிட்டுக் காட்டும் வரைபடங்களும் இருக்கின்றன. ஆனால் வரைபடம் சின்ன மேடுபள்ளங்களைப் பார்க்காது. 27 என்று காட்டுகிற சரிவின் நடுவில் வீட்டுக்கூரை அளவில் ஒரு 38 டிகிரித் துண்டு ஒளிந்திருக்கலாம். ஒரு மனிதரைப் புதைக்க அந்தத் துண்டு போதும்.

நான் சமதளத்தில்தான் நடக்கிறேன். எனக்கென்ன?

தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1999 பிப்ரவரி 23 அன்று ஆஸ்திரியாவின் கால்ட்யூர் கிராமத்தில் 31 பேர் இறந்தார்கள். அவர்கள் சரிவில் ஏறிக்கொண்டிருக்கவில்லை. பள்ளத்தாக்கின் அடியில் ஊருக்குள் இருந்தார்கள்.

இன்னொரு விஷயம், இதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். பிடிமானமில்லாத அடுக்கு தொடர்ச்சியாக இருந்தால், கீழே சமதளத்தில் நீங்கள் வைக்கும் காலடி மேலே உள்ள சரிவைக் கழற்றிவிட முடியும். நொறுங்கல் அடியில் ஓடி மேலே ஏறிப் போகும். தொடங்கும் இடம் செங்குத்தாக இருந்தால் போதும், நீங்கள் நிற்கும் இடம் அப்படி இருக்கத் தேவையில்லை.

சத்தம் போட்டால் பனிச்சரிவு வருமா?

வராது. மனிதக் குரலின் அழுத்தம் ஒரு பனி அடுக்கை முறிக்கப் போதாது. யாரோ கத்தியதும் சரிவு வந்தது என்பது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் ஆள் சிக்கிய விபத்துகளில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பதில், சரிவைக் கிளப்பியது சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான். குரலால் இல்லை, எடையால். இதைக் கேட்டால் முதலில் பயம் வரும். எனக்கு இது நல்ல செய்தியாகத்தான் படுகிறது. வானத்திலிருந்து விழும் இடி மாதிரி இல்லை இது. எங்கே கால் வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

பனி எல்லாம் ஒன்றுதானே? ஏன் ஓர் அடுக்கு மட்டும் பலவீனமாக இருக்கிறது?

புல்லில் படிவதும் பனி, பாதையை மறைப்பதும் பனி, மலைமேல் மீட்டர் கணக்கில் கிடப்பதும் நமக்குப் பனிதான். வேடிக்கை என்னவென்றால், இந்த இடத்தில் தமிழின் தாராளம் கொஞ்சம் உதவுகிறது. மலைகளில் மிகவும் ஏமாற்றுகிற பலவீன அடுக்குகளில் ஒன்று, நமக்குத் தெரிந்த பனித்துளியின் உறைந்த வடிவம். மேகமில்லாத, காற்றில்லாத, ஈரப்பதமுள்ள இரவில் பனியின் மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்து, காற்றின் ஈரம் நேராகப் படிகமாக அதன்மேல் ஒட்டுகிறது. காலையில் போய்ப் பார்த்தால் இறகு இறகாக, செதில் செதிலாக நிற்கும். வெயில் பட்டால் சரிவு முழுக்க மினுங்கும், நடந்தால் கண்ணாடித் தூள் மாதிரி மெல்லச் சலசலக்கும். இதை சர்ஃபேஸ் ஹோர் என்பார்கள். அவ்வளவு அழகு. மறுநாள் அதன்மேல் 40 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தால், அந்த இறகுகள் நின்றபடியே புதைந்து, மேலே உள்ள பாரத்தைச் சீட்டுக்கட்டு வீடு மாதிரி தாங்கிக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில்.

இரண்டாவது, சர்க்கரைப் பனி. தரையை ஒட்டிய பனியின் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். மேலே காற்று மைனஸ் 15. பனி இரண்டு மீட்டர் ஆழம் இருந்தால் இந்த வித்தியாசம் பரவலாகப் பிரிந்துவிடும். அரை மீட்டர்தான் இருந்தால் வித்தியாசம் மொத்தமும் அதற்குள் அடைந்துகொள்ளும். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி என்ற அளவைத் தாண்டினால், நீராவி அடுக்குகளுக்குள் வேகமாக மேலே நகர்ந்து, படிகங்களைக் கோணல் கோணலாக, ஒன்றோடொன்று ஒட்டாதபடி வளர்த்துவிடும். கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துபோகும், உருண்டை பிடிக்க வராது. பனி குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்ற கணக்கு இங்கே தலைகீழாகிறது. மெல்லிய பனிப்போர்வை உள்ள மலைகளில்தான் இந்த அடுக்கு மாதக்கணக்கில் தொல்லை தரும். பாறைகள் தலைநீட்டும் இடங்களைச் சுற்றி இன்னும் மோசம்.

குழி தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமா?

சில விஷயங்கள் தெரியும். போக நினைக்கும் சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அதே திசையில், அதே உயரத்தில், ஆனால் பாதுகாப்பான ஒரு சின்னச் சரிவில் ஒன்றரை மீட்டர் தோண்டுங்கள். குழியின் சுவரை ஷவலால், அதாவது பனி அள்ளும் மண்வெட்டியால், வழவழப்பாகச் சீவுங்கள். பிறகு மேலிருந்து கீழாகக் கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். முஷ்டி உள்ளே போகிறதா, நான்கு விரல் போகிறதா, ஒரு விரல்தானா, பென்சில்தானா, கத்தி மட்டும்தானா? ஐந்து அளவுகளில் கடினத்தைச் சொல்லும் முறை இது. ஒரு விரல் மட்டும் இறங்கும் கெட்டி அடுக்குக்குக் கீழே திடீரென்று முஷ்டியே உள்ளே போகிறது என்றால், மேலே புத்தகம், கீழே சர்க்கரை. கதை புரிந்துவிட்டது.

அடுத்து, 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு தூணைத் தனியாகப் பிரித்து, உச்சியில் ஷவலின் தகட்டை வைத்துத் தட்டுவது. மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. பன்னிரண்டாவது தட்டில் மேல்பகுதி மேசை டிராயர் மாதிரி நேராக முன்னால் வந்து விழுந்தால், அதை நேரில் பார்த்தவருக்கு அதன்பின் விளக்கம் தேவைப்படாது. தூணை 90 சென்டிமீட்டர் அகலமாக வெட்டி ஓரத்தில் தட்டும் சோதனையும் உண்டு. முறிவு அந்த அகலம் முழுக்க ஓடுகிறதா என்று அது காட்டும். எனக்கு இதன்மேல்தான் மதிப்பு அதிகம். முறிவது மட்டும் பிரச்சினை இல்லை, பரவுவதுதான் பிரச்சினை.

ஆனால் பத்து மீட்டர் தள்ளி வேறு குழி தோண்டினால் வேறு பதில் வரலாம். குழி 'போகாதே' என்றால் நம்புங்கள். 'போ' என்றால் நம்பாதீர்கள்.

பனிப்பொழிவு நின்று வானம் தெளிந்துவிட்டது. இனிக் கிளம்பலாமா?

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்போமே, அதுதான். புயலின்போதும் அது ஓய்ந்த அடுத்த ஓரிரு நாள்களிலும்தான் சரிவுகள் அதிகம் கிளம்பும். சேர்ந்த பாரத்துக்கு அடியடுக்குகள் பழகிக்கொள்ள நேரம் வேண்டும். பிடிவாதமான பலவீன அடுக்கு இருந்தால் இரண்டு நாளும் போதாது.

அதோடு காற்றைப் பாருங்கள். ஒரு பொட்டுப் பனி விழாத நாளிலும் காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கம் கொட்டிக்கொண்டே இருக்கும். வானத்திலிருந்து சேர்வதைப் போலப் பத்து மடங்கு வேகத்தில் சேர்க்க அதனால் முடியும். முகட்டின்மேல் வெள்ளைப் புகை மாதிரி எழும்பினால், புகை போகிற பக்கத்தில் ஸ்லாப் வளர்கிறது என்று பொருள். அப்படிச் சேர்ந்த பனி வழவழவென்று உப்பியிருக்கும். சில சமயம் காலடியில் மத்தளம் மாதிரி ஒலிக்கும். முகட்டில் தாழ்வாரம் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கார்னிஸும் இதே காற்றின் வேலைதான். அது முறியும்போது நீங்கள் எதிர்பார்க்கும் கோட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே வந்து முறியும். விளிம்பில் நின்று படம் எடுக்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

மலையே எச்சரிக்கை தருமா?

தரும். பக்கத்துச் சரிவில் புதிதாக ஒரு பனிச்சரிவு இறங்கியிருப்பதுதான் இருப்பதிலேயே உரத்த எச்சரிக்கை. ஸ்கீ முனையிலிருந்து விரிசல் சுவரில் கீறல் போல ஓடுவது இன்னொன்று. ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் புதுப்பனி, திடீர் வெப்பம், மழை, இவையும் சேர்த்தி.

அப்புறம் அந்த 'வும்ப்' ஓசை. முதல் தடவை நான் கேட்டது ஒரு சமவெளியில். காலடியில் நிலமே ஒரு விரற்கடை இறங்கின மாதிரி ஒரு குலுக்கல், கூடவே தூரத்தில் கனமான கதவைச் சாத்தின மாதிரி ஒரு சத்தம். இருபது மீட்டர் தள்ளி நின்ற ஒரு சின்ன மரத்தின் கிளையிலிருந்து பனி உதிர்ந்தது. என் எடை நொறுக்கிய அடுக்கு அந்த மரத்துக்கு அடி வரை ஓடிப் போயிருக்கிறது. சமவெளி என்பதால் அங்கே வழுக்க இடமில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அதற்கு மேல் ஏறவில்லை.

ஆபத்து நிலை 3 என்று அறிவிப்பில் இருக்கிறது. ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம்தானே?

இல்லை. எண்ணைப் பார்த்து ஏமாறுகிற இடம் இது. 1993-இல் ஐரோப்பிய நாடுகள் ஒப்புக்கொண்ட ஐந்து படி அளவுகோல் இது. வட அமெரிக்காவிலும் ஐந்து படிதான். படிகள் ஏணிப்படி போலச் சமமாக ஏறுவதில்லை, ஒவ்வொன்றிலும் ஆபத்து மடங்குகளில் கூடுகிறது. மூன்றாம் நிலையில் ஒரே ஒரு ஆளின் எடையே சரிவைக் கிளப்பிவிடும் வாய்ப்பு நிஜமானது. உயிரிழப்புகளில் பெரும்பங்கு நடப்பதும் அந்த நிலையில்தான். நான்கு, ஐந்து என்றால் ஆள்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மூன்று என்றால் மதில் மேல் பூனை. பூனை பெரும்பாலும் மலைப்பக்கம்தான் குதிக்கிறது.

எண்ணைவிட அறிவிப்பின் உள்விவரம் முக்கியம்: எந்தத் திசைச் சரிவுகள், எந்த உயரத்துக்கு மேல், என்ன வகைப் பிரச்சினை. காற்றுச் சேர்த்த பனி என்றால் அந்தப் பக்கத்தைச் சுற்றிப் போகலாம். புதைந்த பலவீன அடுக்கு என்றால் சுற்றிப் போக வழி தெரியாது. அன்று 30 டிகிரிக்குக் கீழேயே இருந்துவிடுவது மேல்.

முன்னால் நாலு பேர் போன தடம் இருக்கிறது. நானும் பத்துத் தடவை போயிருக்கிறேன்.

நாலு பேர் போனார்கள் என்பதுதான் அந்தத் தடத்திலிருந்து தெரியும். அடுக்கு மெலிந்திருக்கும் இடத்தில் அவர்கள் கால் படவில்லை என்பது தெரியாது. ஐந்தாவது ஆள் மிதித்துக் கிளம்பிய சரிவுகள் எத்தனையோ.

ஐயன் மக்கேமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்த 700-க்கும் மேற்பட்ட விபத்துகளை எடுத்துப் பார்த்தார். அபாய அறிகுறிகள் கண்ணெதிரே இருந்தும் போனவர்கள் ஏராளம். தெரிந்த இடம், குழுவில் ஒரு அனுபவசாலி இருக்கிறார், கிளம்பிவந்தாயிற்று, வேறு யாராவது புதுப்பனியை முந்திவிடுவார்கள், இப்படிப்பட்ட எண்ணங்கள்தான் அவர்களைத் தள்ளியிருக்கின்றன. இதில் மலையின் குரூரம் ஒன்று உண்டு. தப்பான முடிவு எடுத்தாலும் பெரும்பாலான நாள்களில் தண்டனை கிடைக்காது. நன்றாகச் சறுக்கிவிட்டு, சிரித்தபடி வீடு திரும்புவீர்கள். நம் கணிப்பு சரி என்று மனசு எழுதி வைத்துக்கொள்ளும். அடுப்பு சுட்டதும் கையை எடுக்கிற மாதிரி இங்கே கற்க முடியாது.

குழுவில் யாராவது ஒருவர் 'எனக்கு மனசில்லை' என்றால் காரணம் கேட்காமல் திரும்புவது என்று கிளம்பும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலம் முடிந்தால் இந்தத் தொல்லை தீர்ந்ததா?

வேறு முகத்தோடு வரும். வசந்தத்தில் வெயில் ஏற ஏறப் பனிக்குள் நீர் இறங்கி, படிகங்களுக்கு இடையிலான பிணைப்பு கரைகிறது. சரிவில் தானாகப் பனி உருண்டைகள் உருள்வதும், கணுக்கால் தாண்டிக் கால் புதைவதும் மலையை விட்டு இறங்கச் சொல்லும் மணி. இரவில் நன்றாக உறைந்ததா என்று பார்த்துவிட்டு விடிவதற்குள் ஏறி, நண்பகலுக்குள் இறங்கிவிடுவதுதான் பழைய வழக்கம். இரவு மேகமூட்டத்தோடு இருந்தால் பனி உறையாமலேயே விடிந்துவிடும், ஜாக்கிரதை.

உயர்ந்த மலைகளில் மாதம் ஒரு பொருட்டில்லை. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டில் திரௌபதி கா தண்டா இரண்டாம் சிகரத்தில் பயிற்சிக் குழு ஒன்று பனிச்சரிவில் சிக்கி 27 பேர் இறந்தார்கள். மேலும் இருவர் காணாமல் போனார்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

மூன்று, ஒவ்வொருவரிடமும்: பீக்கன், பனிக்குள் குத்தி ஆளைத் தேடும் புரோப் கம்பி, ஷவல். பீக்கன் என்பது 457 கிலோஹெர்ட்ஸில் சைகை அனுப்பும், தேடும்போது வாங்கும் கருவி. எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும். போனும் மற்ற மின்கருவிகளும் அதைக் குழப்பும். சாதாரண நேரத்தில் 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ஷவல் உலோகத்தில் இருக்கட்டும். இறுகிய பனியில் பிளாஸ்டிக் உடைந்துவிடும்.

ஏர்பேக், அதாவது பிடியை இழுத்ததும் காற்றுப்பை உப்பி ஆளைப் பனியின் மேலே வைக்க முயலும் முதுகுப்பை, உதவும். டப்பாவைக் குலுக்கினால் பெரிய துண்டுகள் மேலே வருமே, அதே தத்துவம். ஆனால் மரத்தில் மோதுவதையோ பாறையிலிருந்து விழுவதையோ அது தடுக்காது. இறப்பவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் மூச்சுத் திணறி இல்லை, அடிபட்டே இறக்கிறார்கள். கருவி வாங்கியதால் வரும் தைரியத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வரவேண்டும்.

சிக்கிக்கொண்டால்?

கத்துங்கள், மற்றவர்கள் உங்களைக் கண்ணால் தொடர வேண்டும். கோலை விடுங்கள். ஓரத்துக்கு வரப் போராடுங்கள். வேகம் குறையும்போது ஒரு கை முகத்தின்முன் இருக்கட்டும், மூச்சுவிட ஒரு சின்ன இடம் கிடைக்கும். நின்றதும் பனி சிமென்ட் மாதிரி இறுகிவிடும், அதன்பின் விரலைக்கூட அசைக்க முடியாது.

கூட வந்தவர் புதைந்துவிட்டார். உதவிக்கு ஆள் அழைக்கப் போகலாமா?

போகாதீர்கள். சிக்னல் இருந்தால் ஒருவர் போனில் சொல்லட்டும், மற்றவர்கள் தேடத் தொடங்குங்கள். முதல் 10 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியாகும்போது அது மூன்றில் ஒருவர் அளவுக்கு வந்துவிடுகிறது. எவ்வளவு வேகமான மீட்புக் குழுவும் இந்தக் கணக்குக்குள் வந்து சேர்வது அரிது.

இன்னொரு சரிவு மேலே மிச்சமிருக்கிறதா என்று ஒரு பார்வை. எல்லாருடைய பீக்கனும் தேடும் நிலைக்கு. கடைசியாக ஆளைக் கண்ட இடத்திலிருந்து கீழ்நோக்கித் தேடுங்கள். பீக்கன் காட்டும் தூரத்தின் எண் குறையக் குறைய நிதானமாகி, கடைசி மூன்று மீட்டரில் பீக்கனைப் பனியோடு ஒட்டிப் பிடியுங்கள். பிறகு புரோப், 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுழல் வடிவில். உடம்பில் பட்டால் தரையில் படுகிற மாதிரி 'டக்' என்று இருக்காது, மெத்தென்று இருக்கும். பட்டதும் கம்பியை உருவாதீர்கள், அதுதான் வழிகாட்டி.

நேரம் அதிகம் தின்பது தோண்டுவதுதான். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை நகர்த்த வேண்டியிருக்கும். கம்பிக்கு நேர்மேலே கிணறு மாதிரி தோண்டினால் நீங்களே அவர் மார்பின்மேல் நின்றுகொண்டிருப்பீர்கள். ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் கீழ்ச்சரிவில் தள்ளி நின்று, பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு உள்ளே போங்கள். பனியைத் தூக்கி எறியாதீர்கள், பின்னால் தள்ளிவிடுங்கள். முகம் தெரிந்ததும் முதலில் வாயையும் மூக்கையும் பாருங்கள்.

இதையெல்லாம் எங்கே பழகுவது?

மலைப்பகுதிகளில் இரண்டு மூன்று நாள் பனிச்சரிவுப் பயிற்சிகள் நடக்கின்றன. முதல் ஸ்கீ வாங்கும் முன் அந்தப் பணத்தை அதில் போடலாம். மற்றபடி, ஒரு பையில் பீக்கனைப் போட்டு நண்பரை விட்டு எங்காவது பனிக்குள் புதைக்கச் சொல்லுங்கள். இடம் உங்களுக்குத் தெரியக்கூடாது. கடிகாரத்தை ஓடவிட்டுத் தேடுங்கள். முதல் தடவை எங்கள் குழுவுக்குப் பதினேழு நிமிடம் ஆனது. அதில் நான்கு நிமிடம், புரோப் கம்பியைப் பையிலிருந்து எடுத்து மாட்டத் தெரியாமல் போனது.